அண்ணி கொண்டுவரும் சாக்கு

1978, ஐப்பசி 8. காலையிலிருந்து தூறல்.

வேலைக்கு விண்ணப்பம் எழுத வாங்கிய தாள். அதை நாட்குறிப்புக்குச் செலவழிப்பது தப்புதான். வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாதவள் வேறு என்ன செய்ய?

அண்ணி மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் குழாய் யார்டுக்குக் கூலிக்குப் போகிறார். பெரிய இரும்புக் குழாய்கள். மேலே விரல் கனத்துக்கு பிளாஸ்டிக் தோல். வெடித்துப்போனதை உரித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்களாம். தீயில் வாட்டி, சூட்டோடு கத்தியால் கீறி இழுக்க வேண்டும். விரலெல்லாம் கொப்புளம்.

சாயங்காலம் தலையில் ஒரு சாக்கு. என்னைக் கண்டதும் விறகுக்குப் பின்னால் தள்ளினார். திருட்டுச் சாமானோ?

ஐப்பசி 9. மழை.

வாங்க: சீயக்காய், அண்ணியின் கைக்குழந்தை செல்விக்கு இருமல் மருந்து.

சாக்கைத் திறந்தேன். உள்ளே குழாயிலிருந்து உரித்த கறுப்புத் தோல் துண்டுகள். பின்னால் அண்ணி.

"என்ன கண்ணு, போலீஸ் வேலைக்கு அப்ளிகேசன் போட்டிருக்கியா?"

"இல்லீங்கண்ணி... எதுக்குங்க இது?"

"வெறகு ஈரம். ஒரு துண்டு போட்டா சட்டுனு புடிச்சுக்குது. மேஸ்திரியே அள்ளிக் குடுக்கறாரு. அடுப்பு மூட்டத் தெரியாத பி.ஏ.வுக்கு இதெல்லாம் எங்க தெரியும்!"

மறைக்கவில்லையாம், நனையாமல் வைத்தாராம். சரி. ஆனால் மேஸ்திரி ஏன் சும்மா கொடுக்கிறார்?

ஐப்பசி 11. வெயில்.

அண்ணிக்குச் சோறு கொண்டுபோனேன். புகை போகாத பக்கமாக மேஸ்திரி. மூக்கில் துண்டு. "அத்தனையும் வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. குழி வெட்டிப் பொதைக்க எனக்கு ஆளில்ல."

அதற்குத்தான்.

திரும்பும் வழியில் மேஸ்திரி வீடு. காய்ந்த கருவேல விறகு வண்டியிலிருந்து இறங்குகிறது. எப்படித்தான் வாய் வந்ததோ, அவர் மனைவியிடம் கேட்டேன். "நீங்க அந்தத் தோலை எரிக்கறதில்லீங்களா?"

"அய்ய, அதை வாசப்படி தாண்ட வுடமாட்டாருங்க."

ஐப்பசி 12. மேகமூட்டம்.

விடியலில் செல்விக்கு மூச்சு இழுத்தது. அடுப்புக்குப் பக்கத்தில்தான் தொட்டில். "பனிக்காத்து" என்கிறார் அண்ணி. அவர் கண்ணும் சிவப்பு. அந்தத் தோல் புகைதான் என்று இரண்டு தரம் சொல்லப் போனேன். ஒரு தரம் உப்பு கேட்டேன், ஒரு தரம் சீப்பு. அவர் கூலியில் சாப்பிட்டுக்கொண்டு எப்படிச் சொல்ல?

அவர் யார்டுக்குப் போனதும் விறகைப் பிளந்து பாறைமேல் காயவைத்தேன். தென்னம்பாளை, சுள்ளி, ஒரு தீப்பெட்டி முழுக்க. கடைசியில் பிடித்துக்கொண்டது.

அண்ணி வந்துவிட்டார். சாக்கு இன்னும் வாசலில்தான். போய்க் கேட்கப் போகிறேன். அண்ணி, இனிமே அடுப்பை நான் மூட்டறேங்க. அந்தச் சாக்கை மட்டும் உள்ள கொண்டுவராதீங்க.