தோற்கடித்தவர் வீட்டுப் பிள்ளை

அன்பு மகள் நுஸ்ரத்துக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டெல்லிக் குளிரில் உன் நெஞ்சுச் சளி கூடாமல் ரப்பு காப்பானாக. இங்கே நாங்கள் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. எம்பசி வேலையை விட்டு வந்து இங்கே தேர்தலில் நின்று நீ தோற்று எட்டு மாதம் ஆகியும் உன் வாப்பா வாசல் தாண்டவில்லை, வெள்ளிக்கிழமைகூட வீட்டிலேயே தொழுதுகொள்கிறார். பொம்பளப் புள்ளைக்கு டெல்லிப் படிப்பு எதுக்கு என்று சொந்தமெல்லாம் கேட்டபோது உன்னை ரயிலேற்றிக் கூட்டிப்போய், பிறகு வெளியுறவுத் துறை வேலைக்கான நேர்காணல் முடியும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்ற மனுஷர். நீ எம்பசி வேலைக்குத் தேர்வானதைச் சொல்லித் திரிந்த அதே கடைத்தெருவில் இப்போது முகம் காட்டக் கூசுகிறார்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு சஃபியுல்லா வந்தார். நீ எம்பசியில் இருந்தபோது அந்த நாட்டு ஜெயிலிலிருந்து அலைந்து மீட்டு ஊருக்கு அனுப்பினாயே, அவர்தான். எதிர்க்கட்சி மேடையில் ஏறி, எம்பசிக்காரம்மா பெட்டியைப் பிரிக்காமலே டெல்லிக்குத் திரும்பிடுவாங்க என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவரும் அவர்தான். கதவைச் சாத்தத்தான் எழுந்தேன். அவரோ, ராத்தா, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன எம் மவன் இஃபாத் போன் பேசி நாப்பது நாள் ஆச்சு, புடிச்சிட்டுப் போயிட்டாங்களாம், எந்த ஜெயில்னு தெரியல, நுஸ்ரத்கிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல என்று அழுதார். பெட்டி பிரிக்காதவகிட்ட எதுக்கு வந்தீங்க என்று கேட்டுவிட்டேன். கேட்டது எனக்கே கசந்தது, ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

உள்ளே படுத்திருந்த உன் வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பாஸ்போர்ட் நகல் எங்க இருக்கு, வாங்க என்று சொல்லி அவரோடு கடைத்தெரு வழியாகவே அவர் வீட்டுக்கு நடந்தார். திரும்பி வந்து, நுஸ்ரத்தப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். நகலைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறார். மற்றதைப் போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நீ இப்போது கட்சிக்காகப் பேசுகிறவள், அரசாங்கத்தில் இல்லை. உன் சொல் எவ்வளவு எடுபடும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் உன்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது எம்பசியில் இருப்பார்கள், கேட்டுப் பார். பையன் கிடைத்தாலும் சஃபியுல்லா அடுத்த முறை உனக்கு ஓட்டுப் போடுவார் என்று நான் நம்பவில்லை. நீயும் நம்பாதே. இருந்தாலும் தாமதிக்காமல் பேசு மகளே.

வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே. எங்கள் துஆ எப்போதும் உன்னோடு.

உன் உம்மா,
ஆஸியா பீவி
காரைக்கால்