ஆண்கள் பக்கத்துக் குரல்கள்

வேதாரண்யம்,
12.12.1998

அன்புள்ள அத்தானுக்கு,

குவைத்தின் வெயிலிலும் குளிரிலும் கர்த்தர் உங்களுக்கு நிழலாக இருப்பாராக. இங்கே நானும் சான்ட்ராவும் சுகம். அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. மழையில் சமையலறைச் சுவர் ஊறிக் கிடக்கிறது. வேறு குறையில்லை.

நம் சபையைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். நீங்கள் போன பிறகு மற்ற ஆண்பிள்ளைகளும் ஒவ்வொருவராக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிவிட்டார்கள். கோயிலில் ஆண்கள் பக்கம் பாய் விரிப்பதே இல்லை. கோயிலை மூடிவிட்டு டவுன் சபையோடு சேர்ந்துவிடலாமா என்று பேச்சு வந்தது. போதகர் ஐயா உடனே முடிவு செய்யவில்லை. இந்தச் சபை இனி யாருக்காக இருக்க வேண்டும் என்று ஜெபித்து, அவரவர் மனதில் தோன்றுவதைச் சொல்லச் சொன்னார். எனக்கோ மூடிவிடலாம் என்றுதான் இருந்தது. நீங்களும் தஞ்சாவூருக்குக் குடிபோகச் சொல்லி எழுதியிருந்தீர்களே.

அப்புறம்தான் அது நடந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிறு, நல்ல வெளிச்சத்தில், பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். காலியாகக் கிடந்த ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ கூடவே சொன்னார்கள். ஒருவர் இல்லை, பலர். நாங்கள் நிறுத்தியதும் ஒரு சொல் பிந்தி அதுவும் நின்றது. போதகர் ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. ஞானசௌந்தரி பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவங்கதாம்மா நம்மளக் கூப்பிடுறாங்க" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலமான அவர் வீட்டுக்காரர் குரலும் எனக்குத் தெரியும், உங்கள் அப்பா குரலும் தெரியும். இது சின்னப் பிள்ளைகளின் குரல். அந்த ஜெபத்தை அன்றுதான் புதிதாகக் கற்றுக்கொள்வதுபோல் தடுக்கித் தடுக்கி வந்தது. அடுத்த ஞாயிறும் கேட்டது. சிலர் பயந்து வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

கார்த்திகையில் புயல் அடித்தது. பகலிலேயே இருட்டிவிட்டது. உப்பளத்து ஓரம் குடிசை போட்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் கோயில் கதவைத் திறந்துவிட்டேன். பிள்ளைகள் ஆண்கள் பக்கத்தில் ஒண்டிக்கொண்டன. ஓடுகள் பறந்தபோது அவை வீறிட்டன. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னேன். அவையும் என் பின்னால் ஒரு சொல் பிந்தி, தடுக்கித் தடுக்கிச் சொல்லின. அதே குரல்கள், அத்தான். பெரியம்மா அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டார்.

தண்ணீர் வடிந்ததும் சபைக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்லிவிட்டேன். கோயிலை மூட வேண்டாம், அந்தப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்போம், புயல் வந்தால் எல்லோரும் வந்து தங்கக் கூரையைக் கான்கிரீட்டாகப் போடுவோம், யாரையும் சாமி மாறச் சொல்ல வேண்டாம் என்றேன். பிள்ளைகளில் ஒன்றின் தாய் ராஜாத்தி வாசலில் நின்றபடி, "எங்க சாமி வேறம்மா. ஆனா எங்க புள்ளைங்க இங்க வரட்டும்" என்றாள். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். பாடம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். தஞ்சாவூருக்குப் போகவில்லை, கோபிக்காதீர்கள்.

போன ஞாயிறு ஆண்கள் பக்கம் பாய் விரித்தோம். ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் சொல்லும்போது அவர்கள் குரலுக்கு மேலே நிதானமாக ஓர் ஆண் குரல் கேட்டது. சான்ட்ரா சட்டென்று திரும்பி, "அப்பா எங்கம்மா?" என்று தேடினாள். பெரியம்மா என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்.

ஆவணிக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை. இதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் வரப்போகிறவர்களின் குரல்தான். அதை நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். உங்கள் கையால் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

உங்களை வழியெல்லாம் தேவன் நடத்தி வரட்டும்.

உங்கள்
அருள்ஜோதி