கப்பலில் சோறாக்கும் நீலா

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது,

போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் தம்பியின் காரியம் முடிந்து நீ கிளம்பிய மறுநாள், திண்டிவனத்துப் புத்தகக் கடையிலிருந்து அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. நீங்கள் இருவரும் படிப்பீர்களே, வானத்தில் கப்பல் கப்பலாகப் போய்ப் பேரரசனை எதிர்த்துப் போர் செய்கிற கதை, அதன் கடைசிப் புத்தகம்.

மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கும்போது அவன்தான் அந்தக் கதையைச் சொல்வான். சண்டையெல்லாம் எனக்கு மனதில் நிற்காது. கலகக்காரர்கள் கப்பலில் சோறாக்குகிற நீலா எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்பேன். "உன் ஆளுக்கு என்னாம்மா, குண்டு விழுந்துக்கினு கீற நேரத்துல களி கிண்டிக்கினு கீறா" என்பான்.

எழுத்துக்கூட்டி இந்தப் புத்தகம் முழுக்கத் தேடினேன், நீலா இல்லை. பக்கத்து வீட்டு ஆர்த்தியும் படிக்கிறவள், அவளைக் கேட்டேன்.

"அவ மூணாவது புத்தகத்துலயே செத்துட்டாளே, பெரியம்மா."

மூன்றாவது புத்தகம் வந்தது உங்கள் அப்பா இறந்த சமயம். அதனால் ஏன் மறைத்தீர்கள் என்று உன்னைக் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படையலுக்கு வரும்போது நீதான் இதைப் படித்துச் சொல்ல வேண்டும். பேரரசன் தோற்றானா, எத்தனை பேர் செத்தார்கள், எல்லாம் எழுதியிருக்கிறபடியே சொல். நீலாவை மட்டும் தம்பி வைத்திருந்த மாதிரியே வைத்திரு. சண்டை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு யாராவது சோறாக்க வேண்டும்.

மல்லாட்டையை உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா