மார்கழியில் வாங்கிய கார்

ராஜகோபாலன் திருவடியே காப்பு.

அன்பு மகளுக்கு,

மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். டிசம்பர் முடிவதற்குள் பதிவு செய்தால் சாலை வரி முழுவதும் விலக்கு. மார்கழி பிறந்துவிட்டதால், தை வரட்டும் என்றேன்.

விற்பனையாளர் சிரித்தார். "தை பொறந்தா வரி கட்டணும் சார். கவர்மென்ட் மார்கழியெல்லாம் பாக்காதுங்க."

உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்திட்டேன்.

அன்று முதல் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. விடியலில் பாசுரம் ஓதத் தொடங்கினால் பாதியில் நா நின்றுவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மாதத்தில்தான் பதிவு அலுவலகத்தில் உன் திருமணம். "ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்கப்பா" என்று வாசலில் நின்று கேட்டாய். மார்கழியில் மங்கல காரியமா என்று கதவைச் சாத்தினேன்.

மாதமே காரணம் என்று இதுவரை எனக்கே சொல்லி வந்தேன். வரிக்காக அதே மாதத்தை மீறிய பின் அப்படிச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. பூசைக்குக் கோயிலில் நிறுத்துமுன் உன் வாசலில் நிறுத்த அனுமதி கேட்கிறேன். தை பிறக்கும்வரை காத்திருக்க என்னால் இயலாது.

நீயும் மாப்பிள்ளையும் உங்கள் இல்லமும் எல்லா மங்கலமும் பெற்று நீடு வாழ்க.

உன் அப்பா