வாயைப் பொத்திய கை

ஹூஸ்டன், மார்ச் 1996

அன்புள்ள அத்தான்,

நான் நர்ஸாகப் பார்த்துக்கொள்ளும் ஹாரிசன் கிழவர், நேற்று நான் இருமியதும் என் வாயை இறுகப் பொத்திவிட்டார். “சத்தம் போடாதே, ஜப்பான்காரங்க போறாங்க” என்று காதில் கிசுகிசுத்தார். எனக்கு மூச்சு முட்டியது. “அவங்க போயிட்டாங்க சார்” என்று அவர் விரல்களுக்கிடையே மெல்லச் சொன்னேன். கையை எடுத்துவிட்டு அழுதார்.

இரண்டாம் உலகப் போரின்போது நியூகினித் தீவின் காட்டில் இவரோடு ஆறு பேர் ஒளிந்திருந்து ஜப்பான் படையை வேவு பார்த்தார்களாம். எதிரிகள் பத்தடி தூரத்தில் கடக்கையில், காய்ச்சலில் கிடந்த நண்பன் இருமினான். இவர் அவன் வாயைப் பொத்தினார். அவர்கள் போனபின் பார்த்தால், நண்பனுக்கு மூச்சில்லை.

காய்ச்சலில் இறந்ததாகவே நண்பனின் தங்கை நம்புகிறாள். வருடந்தோறும் இவருக்கு நன்றி சொல்லிக் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புகிறாள்.

“அவளுக்கு உண்மையை எழுதும்மா, எனக்குக் கை நடுங்குது” என்றார். எழுதினேன். இருமுறை படித்துக் கையெழுத்திட்டார். இன்று நானே தபாலில் போட்டேன்.

நீங்கள் கேட்ட போட்டோவை இரண்டு வாரம் கழித்து அனுப்புகிறேன். முகத்தில் விரல் தடமெல்லாம் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

உங்கள் மனைவி