நாகத்துக்குக் கண் கொடுத்தவள்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நீ போன் செய்து எங்க படம் எப்படிம்மா என்று கேட்டபோது, சத்தமெல்லாம் பிரமாதம், அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன் அல்லவா, அடுப்பில் பால் இல்லை. படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று அன்று நான் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்பதுகூடப் போதாது, கோபமே வந்தது. படத்தில் அந்த நாகத்தின் கண்கள் உன் யோசனை என்று நீ சந்தோஷமாகச் சொன்னதற்காகத்தான் போனை வைத்தேன் என்பதையும் சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் தியேட்டர் வாசலில் நம் நூலகத்து டெலிபோன் மாமா என்னிடம் என்ன கேட்டார் என்பதையும் சொல்லவில்லை. ஊராருக்கு வாசித்துக் காட்டியே பிழைக்கிறவள் நான், ஆனால் சொந்தமாகக் கோபப்பட வேண்டும் என்றால் எனக்குக் காகிதம்தான் வேண்டியிருக்கிறது, அது உனக்கே தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்தான். அத்தை கார் வாங்கி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், நம் கேட்டில் இரண்டு இடத்தில் பெயிண்ட் போய்விட்டது, கேட்டால் கேட்தான் கோணலாக இருக்கிறது என்கிறாள். ஸ்டுடியோவுக்குப் புதிதாக வந்திருக்கும் சவுண்ட் இன்ஜினியர் என் மேஜையில் உன் போட்டோவைப் பார்த்து இது உங்கள் தங்கையா என்று கேட்டார், பதினெட்டு வயதில் பிள்ளை பெற்றவளுக்கு இந்த ஒரு லாபமாவது இருக்கிறது. அவ்வளவுதான் சேதி, இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படி, பாதியில் எனக்குப் போன் செய்யாதே.

தடியனை நான் ஒலிநூலகத்துக்காக வாசித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அந்த நாவலின் பெயரை நம் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை, தலையணை கனத்துக்கு இருந்ததால் நீதான் அதற்குத் தடியன் என்று பெயர் வைத்தாய். பள்ளிக்கூடம் விட்டு நேராக நூலகத்து ஸ்டுடியோவுக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்பாய். பார்வையில்லாத எத்தனையோ பேர் அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் வரும் கிழ நாகம் என்றால் உயிர். உப்புவெளியின் விளிம்பில் தலையை மண்ணில் வைத்துப் படுத்திருக்கும், பிறவியிலிருந்தே பார்வை கிடையாது, யார் வருகிறார்கள் என்று நடையை வைத்துச் சொல்லும். நம்ம குருட்டு நாகம் என்றுதான் நூலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வராமல் தடுமாறியபோது, நீங்க ஏன் கூச்சப்படறீங்க தங்கச்சி, நாகமே கூச்சப்படலையே என்று டெலிபோன் மாமா கேலி செய்தார். பார்வையில்லாமலே ஒரு பெரிய ஆபீசின் டெலிபோன்களையெல்லாம் ஆயுசு முழுக்க இணைத்துக் கொடுத்தவர், குரலை வைத்தே ஆளின் மூட்டுவலியைக் கண்டுபிடிப்பவர், உன்னை மடியில் உட்காரவைத்து டெலிபோனில் பொத்தான் பொத்தானாக அழுத்தக் கற்றுக்கொடுத்தவர், அவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கதாநாயகி உப்புக்காரி படைத்தலைவனின் செருப்பைத் திருடி மாட்டிக்கொண்டு, அவன் மாதிரியே நடந்து, நாகத்தை ஏமாற்றிக் கடந்துபோகப் பார்க்கும் இடத்தை நினைத்துப் பார். நாகம் தலையைத் தூக்குவதுகூட இல்லை. செருப்பு அவனுடையது, தயக்கம் உன்னுடையது என்கிறது, அவ்வளவுதான். அந்த வரியை வாசித்தபோது கண்ணாடிக்கு அப்பால் நீ எழுந்து நின்றுவிட்டாய். அதற்கப்புறம் நம் வீட்டில் யார் பூனைபோல் நடந்து வந்தாலும் அந்த வரிதான். அப்பா என் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்த் திரும்பினால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வாய்.

தடியனை வைத்து நீங்கள் எடுத்த படத்தில் அந்த வரி இல்லை. இருக்க முடியாது, நாகம்தான் அவள் முகத்தைப் பார்த்துவிடுகிறதே.

பார்வையில்லாதவர்கள் தியேட்டரில் காதில் மாட்டிக்கொண்டு கேட்க, வசனத்துக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் திரையில் நடப்பதை எழுதிப் பேசுவதுதான் இப்போது என் வேலை, இந்தப் படத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மகள் திரைக்கதைக் குழுவில் இருக்கிறாள், அம்மா குரல் கொடுக்கிறாள் என்று பெருமையாகத்தான் போனேன். கண்டதைச் சொல், கருத்தைச் சொல்லாதே என்பதுதான் எங்களுக்கு விதி. நாகம் கண் திறக்கும் இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். “வெண்படலம் கிழிகிறது. பொன்னிறக் கண்கள். நாகம் அவளைப் பார்க்கிறது” என்று எழுதிப் பேசினேன். குரல் உடைந்துவிட்டது, மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன், உணர்ச்சியாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார் அந்த சவுண்ட் இன்ஜினியர். வெளியே சொல்லக்கூடாது என்பதால் உன்னிடம்கூட எதுவும் கேட்கவில்லை. எவனோ பெரிய ஆள் செய்த வேலை, நீ மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுத் தோற்றிருப்பாய் என்றே நினைத்துக்கொண்டேன். உனக்காகப் பாவப்பட்டேன்.

சனிக்கிழமை நூலகத்து ஆட்களுக்குத் தனியாக இரண்டு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். டெலிபோன் மாமா துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், பாப்பா எழுதின படம் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாகம் கண் திறந்தபோது தியேட்டரே கைதட்டியது, எங்கள் இரண்டு வரிசையில் ஒருவரும் தட்டவில்லை. இப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி நாகம் கண்ணீர் விடுகிறதே, அப்படியானால் அதுவரை அது அவளைப் பார்க்காமலா இருந்தது, அத்தனை அத்தியாயமும் எதற்காக எழுதினார்கள் என்று எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது.

படம் விட்டதும் மாமா வாசலில் காத்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க எங்கயோ மாத்திச் சொல்லிட்டீங்க தங்கச்சி, அவசரத்துல வேற சீனைப் படிச்சிட்டீங்க, பரவாயில்ல, அடுத்த ஷோவுக்குள்ள திருத்திடுங்க என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, முதல் பாதி முழுவதும் தூங்கியவர், இந்த ஒன்றுக்கு மட்டும் முழித்துக்கொண்டு, இல்லீங்க, கண்ணு நல்லாத்தான் இருக்கு, தகதகன்னு மின்னுது என்று உற்சாகமாகச் சொன்னார். மாமா என் கையை விட்டுவிட்டார். பிறகு கேட்டார்.

“அப்ப அந்த ஒரு நிமிஷம் நீங்க சும்மா இருந்திருக்கலாமே தங்கச்சி. எங்களுக்கு அது குருடாவே இருந்துட்டுப் போயிருக்குமே.”

திரையில் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று, யாருக்கு எதைக் காட்டலாம் என்று நானா தீர்மானிப்பது, அதெல்லாம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அவருக்கு அந்தச் செய்தி என் குரலில்தான் வந்தது. தடியனைக் கொடுத்த அதே குரலில். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உன் போன். கண்ணு என் யோசனைம்மா, டெலிபோன் மாமாவை நினைச்சுத்தான் எழுதினேன், அவருக்கே பார்வை வந்த மாதிரி இருந்திருக்கும்ல என்று கேட்டாய். அதற்குத்தான் பால் பொங்கியது.

புத்தகத்தில் இருப்பதெல்லாம் படத்தில் வர வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள் நான் இல்லை. மூன்று அரசர்களை ஒருவனாக்கினீர்கள், நல்லதுதான், யார் யாருக்கு மைத்துனன் என்று எனக்கே கடைசிவரை குழப்பம். கப்பல் பயணத்தை வெட்டினீர்கள், சரி, ஆடைகள் நன்றாக இருந்தன, உப்புக்காரியாக வந்த சின்னப் பெண்ணும் நன்றாக நடித்தாள். ஆனால் அந்த நாகம் கண்ணுக்காக ஏங்கியதாகத் தடியனில் ஒரு வரி காட்டு பார்ப்போம். அதற்கு ஒரு குறையும் இல்லை வாலு. குறை இருக்கிறது என்று நினைத்தது நீங்கள். வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். நீ அந்த நூலகத்தின் தரையில் வளர்ந்தவள். அவர்கள் சிரித்தது, சண்டை போட்டது, உன் காலடியைக் கேட்டே இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினாயா என்று விசாரித்தது, எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அவர்களுக்குக் கொடுக்க உனக்குக் கிடைத்தது ஒரு ஜோடிக் கண்தானா. நீ அன்பாகத்தான் செய்தாய் என்பது எனக்குத் தெரியும். அதுதான் அதிகம் கசக்கிறது.

இரண்டாம் பாகத்துக்கு உன் பெயர் தனியாக வரும், ஆசீர்வாதம் பண்ணும்மா என்றாய். உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நாகத்தைப் போர்க்களத்தில் பறக்கவிடும் அந்தக் கதைக்கு இல்லை. என்னிடம் சமாதானம் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். டெலிபோன் மாமாவுக்குப் போன் செய். கண் வைத்தது நான்தான் மாமா, உங்களை நினைத்து வைத்தேன் என்று நீயே சொல். அவர் என்ன சொல்கிறாரோ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், அதன் பிறகு இரண்டாம் பாகம் எழுத உட்கார். அவர் என் மேல் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன், உன் பெயரை நானாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீயாகச் சொல்லவில்லை என்றால் எனக்கு உன்னோடு பழையபடி பேச வராது. இந்த வரியை அடித்துவிடத்தான் தோன்றுகிறது, இருந்தாலும் அடிக்கப்போவதில்லை.

காலையில் வெறும் காபியோடு ஓடாதே. முதுகு வலிக்கிறது என்றாயே, நாற்காலியை மாற்றச் சொல், கேட்டால்தான் கொடுப்பார்கள். அத்தைக்கு ஒரு நாள் போன் செய், கேட்டைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதே. நீ நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் இருக்க வேண்டும், உன் கை எழுதுவது உனக்கே வெட்கமில்லாமல் இருக்க வேண்டும். அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார். மாமாவுக்குப் போன் செய்வதை மறக்காதே.

என்றும் உன்,
அம்மா

பி.கு. இதைத் தபாலில் போடாமல் சில நாள் வைத்திருந்தேன். இன்று டெலிபோன் மாமா நூலகத்துக்கு வந்தார். நீயே அவருக்குப் போன் செய்தாயாம், கண் உன் யோசனை என்று சொல்லி, பிடித்ததா மாமா என்று கேட்டாயாம். ரொம்ப நல்லா இருந்துச்சு பாப்பா என்று சொல்லிவிட்டாராம். குழந்தைகிட்ட வேற என்ன சொல்றது என்று என்னிடம் கேட்டார். பிறகு, இனிமேல் படக் காட்சிகளுக்கு வருவதில்லை என்று சொல்லித் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். எடுத்துவிட்டார்கள்.