கைதட்டல் வாங்கிய ஓட்டம்

2015 நவம்பர், சனி இரவு, லோசான், சுவிட்சர்லாந்து

பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவுக்கு நன்கொடை திரட்டும் விருந்தில் இன்று என்னையும் கிளேரையும் மேடையில் ஏற்றினார்கள். இருவரும் ஒரே அணியில் ஓடுகிறவர்கள். கிளேர் நானூறு மீற்றரை எத்தனை வினாடியில் ஓடினாள் என்று பொறுப்பாளர் சொன்னார். அடுத்து என்னைக் காட்டிச் சொன்னார்: "இவளுடைய அப்பா அன்று இலங்கைப் போருக்குத் தப்பி ஓடினார். மகள் இன்று எங்களுக்காக ஓடுகிறாள்!"

ஒரே கைதட்டல். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே நன்கொடை உறையை நீட்டினாள்.

கிளேரை விட வேகமாக ஓடுகிறவள் நான். அதை ஏன் சொல்லவில்லை? அப்பா உயிருக்காக ஓடியதை விற்க இந்தப் பொறுப்பாளர் யார்?

வீட்டில் அப்பா சாப்பிடாமல் காத்திருந்தார்.

"உன்ர ஓட்டத்தைப் பற்றிக் கதைச்சவையோ, பிள்ளை?"

"ஓம் அப்பா."

யாருடைய ஓட்டத்தைப் பற்றி என்று சொல்ல மனம் வரவில்லை.